தடித்த கேஸ்கெட் போட்டால் டர்போ தாங்குமா?

மண்டபம் ஃபிட்டர்:
கீழக்கரை நண்பர் ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத சாதாரண 1200 சி.சி. பெட்ரோல் காரில், பழைய இரும்புக்கடையில் கிடைத்த டீசல் வண்டி டர்போவை மாட்டலாமாம். பிஸ்டனைத் தொட வேண்டாமாம். சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட்டை ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக்கிக் கம்ப்ரஷனைக் குறைத்தால் போதுமாம். இதை நம்பி எத்தனை பிள்ளைகள் இன்ஜினைப் பாழாக்கப் போகிறார்களோ!

கணக்கைப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி., கம்ப்ரஷன் (காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற விகிதம்) 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 சி.சி. சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ. கேஸ்கெட்டில் ஒரு மி.மீ. கூட்டினால் அந்த இடத்தில் கூடுவது 4 சி.சி. சொச்சம். கம்ப்ரஷன் 10இலிருந்து 9க்கு இறங்கும், அவ்வளவுதான். டர்போவோ அரை பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் பாதி) கூட்டி வைத்தாலே உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கிவிடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லையென்றால் நம் ஊர் 35 டிகிரிக் காற்று 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் நுழையும். கலவை தானாகப் பற்றி வெடிக்கும் நாக்கிங் வராமல் என்ன செய்யும்?

கீழக்கரை வேகம்:
பெயரைச் சொல்லாமல் குத்துவது உங்கள் பழைய வழக்கம். எழுதியவன் நான்தான். என் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி வரை போய் வருகிறேன். சாயல்குடி தாண்டி லாரியை முந்தும்போது அந்த இழுவையை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கேஸ்கெட் ஒரு சொட்டு ஒழுகவில்லை. 1962இலேயே அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரை 10.25 கம்ப்ரஷனில் டர்போவோடு விற்றார்கள். நான் 9க்கு இறக்கியிருக்கிறேன். உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?

மண்டபம் ஃபிட்டர்:
ஜெட்ஃபயர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே, தம்பி. அந்த 10.25இல் டர்போ தாங்காது என்றுதான் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். அதை நிரப்ப மறந்தவர்கள் ஏராளம். 1963ஓடு அந்தக் காரையே நிறுத்திவிட்டார்கள். பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். உங்கள் வண்டியில் மெத்தனால் தொட்டி எங்கே இருக்கிறது?

இன்னொன்று. பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளி சும்மா விடப்பட்டதல்ல. கலவை அங்கிருந்து பிதுங்கிச் சுழன்றால்தான் சீராக எரியும். கேஸ்கெட்டைத் தடிப்பாக்கினால் அதுவும் போயிற்று. கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டுமானால் அதற்கேற்ற பிஸ்டனைப் போட வேண்டும்.

தொண்டி கடலோடி:
எங்கள் விசைப்படகு இன்ஜினில் டர்போ இருக்கிறது. விடிய விடிய ஓடுகிறது. கடலில் தாங்குவது கரையில் தாங்காதா? மண்டபத்தார் எதற்கெடுத்தாலும் முடியாது என்றே சொல்வார்.

மண்டபம் ஃபிட்டர்:
கடலோடி அண்ணன், உங்கள் படகில் இருப்பது டீசல். டீசலில் அமுக்கப்படுவது வெறும் காற்று. எண்ணெய் கடைசியில்தான் பாய்கிறது. பெட்ரோலில் கலவையே அமுக்கப்படுகிறது. நேரம் வருமுன் பற்றிக்கொண்டால் பிஸ்டன் உடையும். அதோடு, பெட்ரோல் புகை 900 டிகிரியைத் தொடும். டீசல் புகை அந்த அளவுக்குச் சூடாவதில்லை. இரும்புக்கடை டீசல் டர்போ அந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. இதையெல்லாம் பேசாமல் கேஸ்கெட், கேஸ்கெட் என்கிறார் அவர்.

கீழக்கரை வேகம்:
கேஸ்கெட்டைப் பற்றி முதலில் பேசியது நீங்கள். ஒழுகுகிறதா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் வாடகை வண்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நம் மாவட்டத்தில் மேடு எங்கே இருக்கிறது? கொடைக்கானல் ஏறுகிறவனுக்கு டர்போ தேவை. உயரத்தில் காற்று மெலிவு. இங்கே கடல் மட்டம். மேடு என்றால் பாம்பன் பாலம் ஒன்றுதான். சவாரியோடு, ஏ.சி.யோடு, சாதாரண இன்ஜினிலேயே தினமும் ஏறுகிறேன்.

கீழக்கரை வேகம்:
நீங்கள் ஏறுகிற வேகம் தெரியும். பாலத்தின் நடுவில் நிறுத்திப் பயணிகளை ரயில் பாலம் பார்க்க இறக்கிவிடுவதே உங்களைப் போன்றவர்கள்தான். பின்னால் வருகிறவன் என்ன செய்வான்?

ராமேஸ்வரம் வாடகை வண்டி:
நான் ஒருநாளும் பாலத்தில் நிறுத்தியதில்லை. வெளியூர்க்காரர்கள் நிறுத்துவதற்கு என் தலையை உருட்டாதீர்கள். புதிய ரயில் தூக்குப்பாலம் 2025இல் திறந்ததிலிருந்து கூட்டம் கூடியிருக்கிறது. அதற்கு நான் பொறுப்பா?

தொண்டி கடலோடி:
நிறுத்துகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

ராமேஸ்வரம் வாடகை வண்டி:
பார்த்தீர்கள் என்றால் வண்டி எண்ணைச் சொல்லுங்கள். சும்மா பழி போடாதீர்கள்.

தேவிபட்டினம் வாசகர்:
பாலத்தை விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

கீழக்கரை வேகம்:
சட்டம் படிக்க நான் வரவில்லை. மண்டபத்தார் சென்ற ஆண்டு என் நண்பனின் கிளட்சைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் வண்டியை வெயிலில் போட்டு வைத்தாரே, அதற்கு எந்தப் பிரிவு?

மண்டபம் ஃபிட்டர்:
உங்கள் நண்பர் உதிரிப்பாகத்துக்குப் பணம் கொடுக்காமல் ஒரு மாதம் ஊரைவிட்டே போயிருந்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாக்கிங் வந்த இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் இருக்கும். நடுவே வெள்ளிப் பொட்டுகள் மினுங்கும். அது பிஸ்டனின் அலுமினியம். அடுத்து உடைவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய வரப்பு. பிறகு சைலன்சரில் நீலப் புகை. கம்பெனி டர்போ பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் 10 இருக்கிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்ந்து கலவையைக் குளிர்விக்கிறது. பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சப்படுகிறது. நாக்கிங் கேட்டவுடன் பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கக் கணினி இருக்கிறது. உங்கள் வண்டியின் கணினிக்கு டர்போ மாட்டியிருப்பதே தெரியாது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பழையது. கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் எங்கிருந்து வரும்?

கீழக்கரை வேகம்:
இவ்வளவு எழுதியும் கேஸ்கெட் ஒழுகும் என்று ஒரு வரி சொல்ல முடியவில்லை, பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை வண்டியை உங்கள் பட்டறை வாசலுக்கே கொண்டுவருகிறேன். வந்து பாருங்கள்.

மண்டபம் ஃபிட்டர்:
வாருங்கள். முதலில் நாலு பிளக்கையும் கழற்றித் தட்டில் வையுங்கள்.

கீழக்கரை வேகம்:
பிளக்கை எதற்குக் கழற்ற வேண்டும்? பேச்சு கேஸ்கெட்டைப் பற்றியது.

மண்டபம் ஃபிட்டர்:
ஒழுகுவதைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? ஒரு மில்லிமீட்டர் கேஸ்கெட்டால் கம்ப்ரஷன் போதிய அளவு இறங்காது என்றுதான் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தொண்டி கடலோடி:
ஒழுகவில்லை என்றால் தாங்குகிறது என்றுதானே அர்த்தம்?

ராமேஸ்வரம் வாடகை வண்டி:
கடலோடி, வண்டி எண் என்ன ஆயிற்று? இன்னும் சொல்லவில்லையே.