18 மீட்டர் கடைவீதி: நடைபாதைக்கு எவ்வளவு விடலாம்?

கேள்வி: புறநகர் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைவீதி, மொத்த அகலம் 18 மீட்டர். பஸ் இருவழியும் போக வேண்டும். எப்படிப் பிரிப்பது?

பதில் 1: நடுவில் வண்டிகளுக்கு 7 மீட்டர் போதும். இருபுறமும் 2 மீட்டர் பட்டை: மரம், மின்கம்பம், தள்ளுவண்டி, பைக் நிறுத்தம் எல்லாம் அதற்குள். மிச்சம் பக்கத்துக்கு 3.5 மீட்டர் நடைபாதை. ஐ.ஆர்.சி 103 (இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வசதிகளுக்கான) வழிகாட்டியில் குறைந்தபட்சமே 1.8 மீட்டர்தான், ஆனால் கடைவீதிக்கு அது பத்தாது.

பதில் 2: அகலத்தைவிட உயரம்தான் சொதப்பும் சார். மழைநீர் வடிகால் மூடியையே நடைபாதையாக்கி ஒன்றரை அடிக்குத் தூக்கிவிடுவார்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டி ஏற ஒரு வெட்டு, ஏற்ற இறக்கம். சனம் சாலையில்தான் நடக்கும். 150 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். சந்துகள் சேருமிடத்தில் நடைபாதை மட்டத்துக்கே சாலையை உயர்த்துங்கள், வண்டி ஏறி இறங்கட்டும். சரக்கு வண்டிக்குப் பின்சந்து இருந்தால் முன்பக்க வெட்டுகளே தேவையில்லை.

பதில் 3: வண்டி ஏறாமல் நடைபாதையில் நடும் தடுப்புக் கட்டைகளுக்கு இடையே 1.2 மீட்டர் விடுங்கள், சக்கர நாற்காலி போகும். பைக்கும் போகும்; அதற்குக் கட்டை மருந்தல்ல, அபராதம்தான்.