விசிபியு 4லிருந்து 16 ஆக்கினேன், டேட்டாபேஸ் விஎம் இன்னும் மெதுவாகிவிட்டது. ஏன்?

நள்ளிரவுக்காவல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே விஷயத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

இஎஸ்எக்ஸ்ஐ 7 (விஎம்வேரின் ஹைப்பர்வைசர், அதாவது ஒரே சர்வரில் பல விஎம்களை, மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் மென்பொருள்) ஓடும் மூன்று ஹோஸ்ட்களை, அதாவது நிஜ சர்வர்களை, நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு சாக்கெட் (அதாவது இரண்டு சிபியு சிப்), சாக்கெட்டுக்கு 10 கோர், 256 ஜிபி ராம். முதல் ஹோஸ்டில் 14 விஎம்கள். அவற்றில் பெரியது ஒரு லினக்ஸ் விஎம், உள்ளே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கணக்குப் பிரிவு தினமும் காலையில் எடுக்கும் ஓர் அறிக்கை முன்பெல்லாம் 15 விநாடியில் வந்துவிடும். இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து 40 விநாடிக்கு வந்தது. மென்பொருள் கொடுத்தவர்களிடம் கேட்டேன். "16 கோர் கொடுங்கள், ராமையும் கூட்டுங்கள்" என்றார்கள். அதனால் விசிபியுவை (விஎம்முக்குக் கொடுக்கும் மெய்நிகர் கோர்) 4லிருந்து 16 ஆக்கினேன், ராமை 64லிருந்து 160 ஜிபி ஆக்கினேன்.

இப்போது அதே அறிக்கைக்கு 95 விநாடி ஆகிறது! விஎம்முக்குள் டாப் கட்டளை போட்டால் சிபியு 30 சதவீதம்கூடத் தாண்டவில்லை. ஹோஸ்டின் வரைபடமும் 45 சதவீதம்தான் காட்டுகிறது. எல்லாமே சும்மா இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் வேலை நகரவில்லை. அதே ஹோஸ்டில் இருக்கும் மற்ற இரண்டு அப்ளிகேஷன் சர்வர்களும் திணறுவதாகப் புகார் வருகிறது. எங்கே பார்ப்பது?

பழையரேக் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. விஎம்முக்குள் தெரியும் சிபியு சதவீதத்தை இந்த மாதிரி நேரத்தில் நம்பாதீர்கள். தனக்குக் கிடைத்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்பதுதான் கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸுக்கு, தெரியும். கிடைக்காமல் வரிசையில் நின்ற நேரம் அதன் கண்ணுக்குப் படாது. அது ஹைப்பர்வைசருக்குத்தான் தெரியும். அதற்குப் பெயர் சிபியு ரெடி.

விசென்டரில் (ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருள்) அந்த விஎம்மின் ரியல்-டைம் வரைபடத்தைத் திறந்து 'ரெடி' என்ற கணக்கைச் சேருங்கள். அது மில்லிவிநாடியில் வரும். ரியல்-டைம் வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது 20 விநாடி, அதாவது 20,000 மில்லிவிநாடி. ஆகவே வரும் எண்ணை 20,000ஆல் வகுத்து, விசிபியு எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒரு விசிபியுவுக்கான விகிதம் கிடைக்கும். நூறால் பெருக்கினால் சதவீதம். விசிபியுவுக்கு 5 சதவீதத்தைத் தாண்டினால் நான் கவலைப்பட ஆரம்பிப்பேன், 10ஐத் தாண்டினால் பயனர்களே போன் செய்வார்கள். ஒரு நாள், ஒரு வாரம் என்ற வரைபடங்களில் இடைவெளி வேறு. அங்கே 20,000ஆல் வகுத்தால் கணக்கு தப்பாகும், நிறையப் பேர் இதில்தான் பயந்துபோகிறார்கள்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க ஹோஸ்டுக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் இஎஸ்எக்ஸ்டாப் என்ற கண்காணிப்புக் கட்டளையை ஓட்டுங்கள். திறந்தவுடன் வருவதே சிபியு திரைதான். அதில் ஆர்டிஒய், சிஎஸ்டிபி என்ற இரண்டு பத்திகள் இருக்கும். ஆர்டிஒய் என்பது அதே ரெடிதான். அந்தப் பத்தியில் ஒரு விஎம்முக்குத் தெரிவது அதன் எல்லா விசிபியுக்களின் கூட்டுத்தொகை. 'இ' விசையை அழுத்தி அந்த விஎம்மின் ஜிஐடி எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொன்றாக விரியும். சிஎஸ்டிபி என்பது கோ-ஸ்டாப். ஒரே விஎம்மின் விசிபியுக்களில் சில ஓடிவிட்டுச் சில பின்தங்கினால், முன்னால் ஓடியவற்றை ஷெட்யூலர் நிறுத்திவைக்கும். அந்த நிறுத்தம்தான் அங்கே தெரிகிறது. 4 விசிபியு இருந்தபோது இது பெரிய விஷயமே இல்லை. 20 கோர் உள்ள ஹோஸ்டில், இன்னும் 13 விஎம்கள் ஓடும் இடத்தில், 16 விசிபியு கேட்டால் இந்தப் பத்தி கண்டிப்பாக ஏறும். 3 சதவீதத்துக்கு மேல் நின்றால் விசிபியுவைக் குறையுங்கள் என்று அர்த்தம்.

அப்புறம் நூமா, அதாவது ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனக்கெனப் பக்கத்திலேயே நினைவகம் இருக்கும் அமைப்பு. உங்கள் ஒரு சாக்கெட்டில் 10 கோர், 128 ஜிபி ராம். நீங்கள் கொடுத்ததோ 16 விசிபியு, 160 ஜிபி. இரண்டுமே ஒரு சாக்கெட்டுக்குள் அடங்காது. நினைவகத்தில் ஒரு பகுதியை எட்டிப் பக்கத்துச் சாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். சிபியு ஹாட்-ஆட் (விஎம் ஓடும்போதே விசிபியு சேர்க்கும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 7ஆம் பதிப்பில் அதை இயக்கினால் விநூமா, அதாவது இந்த அமைப்பை விஎம்முக்குக் காட்டும் வசதி, அணைந்துவிடும். உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு இரண்டு சாக்கெட்டில் பரவியிருக்கிறோம் என்றே தெரியாது.

ஹோஸ்டின் பயாஸில் பவர் புரொஃபைல் எதில் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டேட்டாபேஸ் ஓடும் ஹோஸ்டில் மின்சேமிப்பு முறை வேண்டாம்.

எண்களை எடுத்துப் போடுங்கள், பேசலாம்.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

அண்ணா, நன்றி. காலை பத்து மணிக்கு, அறிக்கை ஓடும்போதே எடுத்தேன்.

ரெடி 35,200 மில்லிவிநாடி. 20,000ஆல் வகுத்து 16ஆலும் வகுத்தால் 11 சதவீதம் வருகிறது. சிஎஸ்டிபி 7க்கும் 9க்கும் நடுவில் ஆடுகிறது. ஹாட்-ஆட் இயக்கத்தில்தான் இருந்தது. இந்த ஹோஸ்டில் கொடுத்திருக்கும் மொத்த விசிபியு 74, மொத்த ராம் 310 ஜிபி. 256 ஜிபி உள்ள ஹோஸ்டில் 310 கொடுத்திருக்கிறேன் என்பதை இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன்.

பழையரேக் எழுதியது:

மற்ற இரண்டு சர்வர்களும் ஏன் திணறின என்பதற்குப் பதில் அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. இஎஸ்எக்ஸ்டாப்பில் 'எம்' அழுத்தி நினைவகத் திரைக்குப் போய் எம்சிடிஎல்எஸ்இசட் பத்தியைப் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் பலூன் டிரைவர் அந்த விஎம்களிடமிருந்து ராமைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. பலூன் டிரைவரை யாராவது அணைத்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். அது இல்லையென்றால் ஹோஸ்ட் ராமில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றி எழுதத் தொடங்கும் (ஸ்வாப்), அது இதைவிடப் பல மடங்கு மோசம்.

மாலையில் விஎம்மை நிறுத்தி 6 விசிபியு, 80 ஜிபி என்று வையுங்கள். ஹாட்-ஆட்டை அணையுங்கள். போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ் (அது தன் கேஷுக்கு ஒதுக்கும் ராம்) அளவை 160 ஜிபிக்கு ஏற்ப மாற்றியிருந்தால் அதையும் மறக்காமல் குறையுங்கள், இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் தொடங்காமல் போகலாம்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நீங்கள் எதையும் தொடுவதற்கு முன்பே 15 விநாடி 40 ஆகியிருந்தது. அதற்குக் காரணம் இது இல்லை.

கேவிஎம்காரன் எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பிராக்ஸ்மாக்ஸ் (லினக்ஸின் கேவிஎம் ஹைப்பர்வைசரை வைத்து விஎம் ஓட்டும் தளம்) வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கேவிஎம்மில் இதே காத்திருப்பு லினக்ஸ் கெஸ்டின் டாப் திரையிலேயே தெரியும். சிபியு வரியின் கடைசியில் வரும் 'எஸ்டி', அதாவது ஸ்டீல், அதுதான். ஹோஸ்டுக்குள் போகவே வேண்டாம். எங்கள் பக்கம் அதிகமாக அடிவாங்குவது எல்விஎம்-தின் பூலில்தான் (எழுதும்போதுதான் இடம் ஒதுக்கும், பல டிஸ்க்குகள் பகிரும் சேமிப்பிடம்). டேட்டா 80 சதவீதம்தானே என்று விட்டிருப்போம், எது எங்கே என்று குறித்துவைக்கும் மெட்டாடேட்டா தனியாக நிரம்பிவிடும். எல்விஎஸ் கட்டளையில் இரண்டு பத்தியையும் பாருங்கள். பூல் நிரம்பினால் விஎம்கள் ஐஓ எரர் காட்டி அப்படியே நின்றுவிடும். டிஸ்க்கில் டிஸ்கார்டு தேர்வைப் போட்டு, கெஸ்டுக்குள் எஃப்எஸ்டிரிம் வாரம் ஒருமுறை ஓடினால்தான் அழித்த இடம் திரும்ப வரும்.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

நேற்று மாலையே மாற்றிவிட்டேன். இன்று காலை ரெடி விசிபியுவுக்கு 2 சதவீதம், சிஎஸ்டிபி பூஜ்யம். பலூன் இரண்டு சர்வர்களில் மொத்தம் 22 ஜிபி பிடித்திருந்தது, இப்போது முழுவதும் இறங்கிவிட்டது. அவர்களிடமிருந்து புகாரும் இல்லை.

ஆனால் அண்ணா சொன்னது சரிதான். அறிக்கை 38 விநாடியில் நிற்கிறது. 15க்கு வரவில்லை.

சேமிப்பகம் எழுதியது:

இதைப் படித்ததும் ஒரே ஒரு கேள்விதான். அந்த விஎம்மின் எடிட் செட்டிங்ஸைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை விரித்து, கோப்பின் பெயர் என்னவென்று படியுங்கள். பெயரின் கடைசியில் -000001, -000002 என்று ஆறு இலக்கம் வந்தால் நீங்கள் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கை ஒரு நேரத்தில் உறையவைத்து, அதன்பின் எழுதுவதை டெல்டா என்ற தனிக் கோப்பில் சேர்ப்பது) மேல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்னாப்ஷாட் மேனேஜர் காலியாக இருந்தாலும் சரி, அந்தப் பெயர் பொய் சொல்லாது.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

-000003 என்று இருக்கிறது! ஸ்னாப்ஷாட் மேனேஜரில் ஒன்றுமே இல்லை. டேட்டாஸ்டோரில் (விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) போய்ப் பார்த்தால் மூன்று டெல்டா கோப்புகள், மொத்தம் 190 ஜிபி. முதல் கோப்பின் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. பேக்கப் மென்பொருளை மாற்றிய அதே வாரம். அந்தக் கோப்புகளை நேராக அழித்துவிடலாமா?

சேமிப்பகம் எழுதியது:

வேண்டாம், தயவுசெய்து கை வைக்காதீர்கள். இரண்டு மாதமாக எழுதிய தரவு முழுக்க அந்த மூன்று கோப்புகளில்தான் இருக்கிறது. அழித்தால் டேட்டாபேஸ் போய்விடும்.

நடந்தது இதுதான். பேக்கப் எடுக்கும்போது ஸ்னாப்ஷாட் போடப்படும், முடிந்ததும் நீக்கப்பட வேண்டும். நீக்கும் நேரத்தில் கோப்பு பூட்டப்பட்டிருந்தால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போய், டெல்டா அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு வாசிப்பும் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சங்கிலியில் தேடிப் போக வேண்டும், அதனால்தான் அறிக்கை இழுத்தது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பதுதான் விஎம்வேரின் அறிவுரை. சங்கிலியில் 32 வரை அனுமதி இருந்தாலும் இரண்டு மூன்றோடு நிறுத்தச் சொல்கிறார்கள்.

முதலில் பேக்கப் பிராக்ஸி விஎம்மின் (பேக்கப் வேலையைச் செய்யும் விஎம்) செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். ஹாட்-ஆட் முறையில் (முன்பு சொன்ன சிபியு ஹாட்-ஆட் வேறு, இது டிஸ்க்கைப் பிராக்ஸியில் ஒட்டிப் படிப்பது) பேக்கப் எடுத்திருந்தால் உங்கள் டேட்டாபேஸின் டிஸ்க் அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், பூட்டு அதனால்தான். அதை அங்கிருந்து நீக்குங்கள். நீக்கும்போது 'டெலீட் ஃபைல்ஸ் ஃப்ரம் டேட்டாஸ்டோர்' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடக் கூடாது. இரண்டு தடவை பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள்.

பிறகு பேக்கப் அட்டவணையை நிறுத்திவிட்டு, டேட்டாபேஸுக்குள்ளிருந்தே ஒரு டம்ப் (தரவின் முழு நகல்) எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். டேட்டாஸ்டோரில் எவ்வளவு காலி இருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் டெல்டாக்களை மூல டிஸ்க்கோடு இணைக்கும்போது வரும் புதிய தரவும் எங்காவது உட்கார வேண்டும். தரவு எழுதுவது குறைவான இரவு நேரத்தில் விஎம் மேல் வலது சொடுக்கி ஸ்னாப்ஷாட்ஸ், கன்சாலிடேட் கொடுங்கள். 99 சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். அந்த நேரத்தில் பதறி ஹோஸ்டை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். முடியும் தறுவாயில் விஎம் சில விநாடி உறையும், அது இயல்பு.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

முடிந்தது. பிராக்ஸியில் அந்த டிஸ்க் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. டேட்டாஸ்டோரில் 240 ஜிபி காலி இருந்ததால் இரவு 11:40க்குத் தொடங்கினேன். 99 சதவீதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் கை வைத்திருப்பேன். 2:50க்கு முடிந்தது. டிஸ்க்கின் பெயரில் எண் போய்விட்டது. காலை அறிக்கை 14 விநாடி.

பழையரேக் எழுதியது:

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. மற்ற இரண்டு ஹோஸ்ட்களிலும் ஒவ்வொரு விஎம்மாகத் திறந்து டிஸ்க் பெயரைப் படித்துவிடுங்கள், அதே பேக்கப்தானே அங்கேயும் ஓடுகிறது. விசென்டரில் கன்சாலிடேஷன் தேவை என்பதற்கும், ஸ்னாப்ஷாட் அளவுக்கும் அலாரம் வைக்கலாம். 20 ஜிபி தாண்டினால் மெயில் வரும்படி இன்றைக்கே போட்டுவிடுங்கள்.