மணக்குடி மணலில் டிரெய்லர் புதைகிறது: பாய்ப்படகைக் கரையேற்ற வழி என்ன?

கேள்வி:
நாகர்கோவிலில் இருந்து ஹோபி 16 கேட்டமரானை (இரட்டை உடல் கொண்ட சிறு பாய்ப்படகு) டிரெய்லரில் கொண்டுவந்து மணக்குடிக் காயலில் இறக்குகிறோம். இறக்குவது எளிது. திரும்ப ஏற்றும்போது டிரெய்லர் சக்கரம் அச்சு வரை மணலில் புதைகிறது. நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது இடது சக்கரத்தில் கரகரவென்று சத்தமும் வருகிறது. அகலமான டயர் போட்டால் சரியாகுமா?

பதில் (குளச்சல்):
டயரை மாற்றித் தீராது, தம்பி. டிரெய்லர் சாலைக்கானது, அதைத் தண்ணீருக்குள் விடவே வேண்டாம். ஓடி வந்த சூட்டோடு சக்கரம் உப்புநீரில் இறங்கினால் பேரிங் இருக்கும் சக்கரக் குடத்துக்குள் உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சீல் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாக நீரை உறிஞ்சிவிடும். பேரிங் துருப்பிடித்த சத்தமாகத்தான் தெரிகிறது. இரு பக்கமும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் பேரிங்கையும் சீலையும் மாற்றி, படகுக்கான கிரீஸை நிறைத்து அடையுங்கள். அதுவரை நெடுஞ்சாலையில் இழுக்காதீர்கள், சக்கரம் கழன்றுவிடும்.

மணலுக்குத் தனியாக ஒரு கைவண்டி வேண்டும்: ஓர் அச்சு, இரண்டு பருத்த பலூன் டயர், காற்று குறைவாக. அந்தப் படகு ஏறத்தாழ 145 கிலோதான். அச்சை எடை நடுவில் வைத்தால் இருவரே தள்ளலாம். கரையேற்றும்போது படகு மிதக்கும் ஆழத்திலேயே வண்டியை அடியில் செருகுங்கள். கெட்டித் தரையில் நிற்கும் டிரெய்லர் வரை உருட்டி, அங்கே ஏற்றுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணாச்சி. பொழிமுகம் (காயல் கடலில் சேரும் வாய்) திறந்திருக்கும்போது கடலுக்குப் போகலாமா?

பதில் (முட்டம்):
போக வேண்டாம். பொழியில் ஆற்று வேகமும் அலையும் மோதும் இடத்தில் வள்ளக்காரர்களே பார்த்துத்தான் போவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த எண்ணமே கூடாது. மற்ற மாதங்களிலும் அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டு, கடலலை எச்சரிக்கையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கரையில் அலை அடித்தால் படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருவரும் நிற்கக் கூடாது. ஓர் அலை போதும், படகு காலை ஒடித்துவிடும். முனையைப் பிடித்து, அலைக்கு நேராக வைத்திருங்கள். ஆழம் குறையும் முன்பே சுக்கான்களைத் தூக்கிவிடுங்கள்.

பதில் (குளச்சல்):
இன்னொன்று. பாய்மரம் 8 மீட்டர், அலுமினியம். அதை நிறுத்தும் இடத்திலும் கைவண்டி போகும் வழியிலும் மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். கம்பி இருந்தால் வேறு இடம்தான்.