பழைய ஆங்கிலப் புத்தகத்தில் மழையும் புயலும் தேடினால் சிக்க மாட்டேன் என்கிறது

செல்லூர்ப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். 1580-லிருந்து 1700 வரை வந்த நாடகங்களிலும் கப்பல் பயணக் குறிப்புகளிலும் புயல், மழையை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் புராஜெக்ட். ஸ்கேன் செய்த பிடிஎஃப் நிறையக் கிடைக்கிறது. ஆனால் ரெயின், ஸ்டார்ம், விண்ட் என்று இன்றைய ஸ்பெல்லிங்கில் தேடினால் பாதிக்கு மேல் வருவதில்லை, பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்தால் அந்தச் சொல் அங்கேயே இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு விதமாகக்கூட இருக்கிறது. இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா, இல்லை அவரவர் இஷ்டத்துக்கு எழுதினார்களா?

திருமங்கலத்தார்:
இஷ்டத்துக்கு எழுதினார்கள் என்று விட்டுவிடாதேம்மா. இதுதான் சரி என்ற ஒரே எழுத்துக்கூட்டல் அப்போது கிடையாது, சாமுவேல் ஜான்சன் அகராதி வந்ததே 1755-ல்தான். ஆனாலும் சில பழக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலில் கடைசி இ. ரெயினை ஆர்-ஏ-ஐ-என்-இ என்று போடுவார்கள். விண்ட், ஸ்டார்ம், ஸ்னோ, ஹெயில் எல்லாவற்றிலும் அதே இ வந்து உட்காரும். பல சொற்களில் முன்பு அதை உச்சரித்தார்கள், பிறகு சத்தம் போய் எழுத்து மட்டும் தங்கி, அதற்கு உரிமையே இல்லாத சொற்களிலும் ஒட்டிக்கொண்டது. அச்சுக்கோப்பவருக்கும் அது வசதி. ஈய எழுத்தை ஒவ்வொன்றாக அடுக்கி வரியை இரண்டு ஓரமும் நேராக நிறுத்த வேண்டும், இடம் மிஞ்சினால் ஒரு இ சேர்ப்பார், போதவில்லை என்றால் எடுத்துவிடுவார். ஒரே பக்கத்தில் இரண்டு விதம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் யு, வி. ஒலி எதுவானாலும் சொல்லின் முதலில் வி, நடுவில் யு. ஷேக்ஸ்பியரின் 1623 தொகுப்பில், தினமும் மழை பெய்கிறது என்று வரும் பாட்டு வரியில், 'எவரி'யின் நடுவில் யு தான் இருக்கும். ஐ வர வேண்டிய இடத்தில் ஒய் வருவதும் சகஜம்.

நம் ஓலைச்சுவடியிலும் புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது. இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். 'வானிலை'யில் வரும் லையைக்கூட 1978 அரசாணை வரும்வரை துதிக்கை வைத்துத்தான் பாடப் புத்தகத்தில் அச்சடித்தோம். அதைப் படித்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரு வாரம் கண் பழகினால் போதும்.

மேலூர் லைப்ரரி:
ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் உங்கள் தேடலை அதிகம் கெடுப்பது எஸ். சொல்லின் முதலிலும் நடுவிலும் அந்தக் காலத்தில் நீள எஸ் போடுவார்கள், பார்க்க எஃப் போலவே இருக்கும், குறுக்குக் கோடு மட்டும் முழுசாக இருக்காது. ஸ்கேனை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அதை எஃப் என்றே படித்துவிடும். அதனால் ஸ்டார்மை எஃப்-டி-ஓ-ஆர்-எம் என்று போட்டும் தேடுங்கள். ஸ்னோ, மிஸ்ட், ஃப்ராஸ்ட், டெம்பெஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே கதி. கடைசி இ-க்கு நட்சத்திரக் குறி போட்டால் இரண்டு வடிவமும் சேர்ந்து வரும்.

வந்ததையெல்லாம் அப்படியே எண்ணிக்கையில் சேர்த்துவிடாதீர்கள். வெனிஸ் வணிகன் நாடகத்தின் 1623 பதிப்பில் அன்டோனியோ தன்னை மந்தையில் நோய்பட்ட 'வெதர்' என்கிறான், எழுத்து அச்சு அசலாக வானிலைக்கு உரியது, பொருள் காயடித்த கிடா. ஹெயில் என்றால் ஆலங்கட்டியும் உண்டு, மேக்பெத்தில் சூனியக்காரிகள் வாழ்த்துகிற ஹெயிலும் உண்டு. வரியைப் படிக்காமல் கணக்குப் போட்டால் ஆய்வே தப்பாகிவிடும்.

தொண்டிக்கடல்:
கப்பல் குறிப்புகளில் 'சைக்ளோன்' தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தப் பெயரை வைத்தவர் ஹென்றி பிடிங்டன், கல்கத்தாவில், 1840-களில். உங்கள் காலத்துக்கு ஹரிக்கேனும் டைஃபூனும்தான். இரண்டும் வெளியிலிருந்து வந்த சொற்கள், காதில் விழுந்தபடி எழுதியதால் வடிவங்களுக்குக் கணக்கே இல்லை. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தின் 1623 அச்சில் ஹரிக்கேனோ எச்-ஒய் என்று தொடங்கி, ஓ-வில் முடியும். டைஃபூனை ஆங்கிலக் கடலோடி வில்லியம் டேம்பியர் 1699-ல் டி-யு-எஃப்-எஃப்-ஓ-ஓ-என் என்று எழுதினார். மான்சூன் போர்ச்சுகீசியர் வழியாக வந்த அரபுச் சொல், ஒரு ஓ குறைத்தும் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, தேதி. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல். ஒரு குறிப்பில் 1660 பிப்ரவரி என்று இருந்தால் பெரும்பாலும் நம் கணக்கில் அது 1661. நாளும் அந்த நூற்றாண்டில் பத்து பின்தங்கியிருக்கும். அடைமழையா மழை விட்ட காலமா என்று பார்க்கிறவர்களுக்குப் பத்து நாள் பெரிய விஷயம்.

செல்லூர்ப்பொண்ணு:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணே. ஸ்டார்மை எஃப் போட்டுத் தேடினேன், காலையில் ஒன்றுமே இல்லை என்று மூடி வைத்த புத்தகத்திலேயே வரிசையாக வருகிறது. கிடாவையும் வாழ்த்தையும் கழித்து, தேதியை மாற்றித் தனி பட்டியல் போடுகிறேன். தண்டர், கிளவுட் வடிவங்கள் யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள்.