தற்காலிக டப்பில் தங்கமீன்: நான்காம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறது, என்ன செய்வது?

ஈரக்கை:
வணக்கம். எங்கள் கண்ணாடித் தொட்டியின் கீழ்மூலையில் சிலிகான் விட்டுப்போய், ஒரே இரவில் நான்கு விரற்கடைத் தண்ணீர் தரைக்கு வந்துவிட்டது. தொட்டியைச் சரிசெய்யும்வரை மீனை வீட்டுக்குள்ளேயே ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பில் விட்டிருக்கிறேன். டப்பின் குறுக்களவு 70 செ.மீ., தண்ணீரின் ஆழம் 30 செ.மீ. மீன் ஒன்றே ஒன்றுதான்: சாதாரணத் தங்கமீன், ஐந்து வயது, வாலோடு சேர்த்து 16 செ.மீ. இருக்கும்.

முதல் இரண்டு நாள் குறையொன்றும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சித் தண்ணீர்போல் வெளுத்தது. இன்று காலை முதல் மேல்மட்டத்திலேயே நின்று ‘ப்ளக், ப்ளக்’ என்று வாயைத் திறந்து மூடுகிறது. தீனியை வாயில் வாங்கி உடனே துப்பிவிடுகிறது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துத்தான் ஊற்றினேன். பழைய ஸ்பாஞ்ச் வடிகட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஏதாவது நஞ்சு இருக்குமோ? வேறு டப் வாங்கி மாற்றிவிடவா?

குளத்தோரம்:
மேலே வந்து வாய் பிளந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். ஜன்னலோரம் வைத்திருந்தால் டப்பை நிழலுக்கு மாற்றுங்கள். ஏர் பம்ப் காற்றைச் சிறு குமிழாக விடும் காற்றுக்கல் ஒன்றையும் சேர்த்து ஓட விடுங்கள். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் மின்சாரம் நின்றதும் குழாய்வழியே தண்ணீர் இறங்கி பம்புக்குள் போய்விடும்.

ஈரக்கை:
நிழலில்தான் இருக்கிறது, 24 டிகிரி. காற்றுக்கல் போட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது. கொஞ்சம் தேவலை, ஆனாலும் மேலேயேதான் நிற்கிறது. செவுள் ஓரம் வழக்கத்தைவிடச் சிவந்திருப்பதுபோல் தெரிகிறது.

தவளைத் தாத்தா:
தம்பியோ தங்கையோ தெரியவில்லை, டப்பின்மேல் பழி போடாதீர்கள். அடியில் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்து, உள்ளே பெயின்ட் வாடையோ மருந்து வாடையோ வராமல் இருந்தால் அது பெரும்பாலும் குற்றவாளி அல்ல. நஞ்சு டப்பிலிருந்து வந்திருந்தால் முதல் நாளே மீன் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் கெட்டது என்கிறீர்களே, எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்த ஸ்பாஞ்சைக் கழுவினீர்களா?

ஈரக்கை:
தங்கைதான் ஐயா. கழுவினேன். குழாயடியில் வைத்துப் பிழியப் பிழியக் கரும்பழுப்பாகச் சேறு வந்தது. தண்ணீர் தெளியும்வரை பிழிந்தேன். புது இடத்துக்குப் போகும் மீனுக்குப் பழைய அழுக்கு எதற்கு என்று நினைத்தேன். கூழாங்கற்களையும் அலசி வெயிலில் காய வைத்துவிட்டேன்.

தவளைத் தாத்தா:
அந்த அழுக்கைத்தான் தங்கையே நீங்கள் ஐந்து வருடமாக வளர்த்திருக்கிறீர்கள். மீன் அதன் தயவில் குடியிருந்தது.

தங்கமீன் தன் கழிவில் பெரும்பங்கைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அந்த அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடு இருந்தால் தாங்கிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் உங்கள் கைப்பிழிவும் சேர்ந்து அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டன. கற்களில் மிச்சம் இருந்தவை வெயிலில் காய்ந்துபோயின. இப்போது ஓடுவது வெறும் ஸ்பாஞ்ச். தண்ணீர் வெளுத்திருப்பது மிச்சத் தீனியைத் தின்று திடீரென்று பெருகிய வேறு பாக்டீரியா. அதுவும் ஆக்சிஜனை இழுக்கும். ஆகவே குளத்தோரம் சொன்ன காற்றுக்கல் இருக்கட்டும், எடுக்காதீர்கள்.

சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி இருந்தால் அம்மோனியா, நைட்ரைட், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மூன்றையும் பார்த்து எழுதுங்கள். பி.எச். முக்கியம். ஒரே அளவு அம்மோனியா, பி.எச். 7இல் செய்யும் கேட்டைவிட 8இல் ஏறக்குறைய பத்து மடங்கு செய்யும்.

புதுவாளி:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? மீனை வாளியில் எடுத்து வைத்துவிட்டு, டப்பை சோப்புப் போட்டுக் கழுவி முழுத் தண்ணீரையும் மாற்றினால் சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்வேன்.

தவளைத் தாத்தா:
சோப்பா? செவுளுக்கு அதைவிடப் பெரிய பகை கிடையாது. நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் எத்தனை முறை அலசினாலும் டப்பின் கீறல்களில் சோப்பு தங்கும். தண்ணீரைப் பாதி மாற்றுங்கள், போதும். புதுத் தண்ணீரின் சூடு டப்புத் தண்ணீரோடு ஒத்திருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்து நம்பாதீர்கள், வெப்பமானியை விடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருகிறேன். 35 × 35 × 3.14 × 30. வரும் கன செ.மீ.யை ஆயிரத்தால் வகுத்தால் 115 லிட்டர் வருகிறது. ஒரு மீனுக்கு இது தற்காலிகமாகத் தாராளம்தான். ஆனால் 115 லிட்டர் என்றால் 115 கிலோ. ஸ்டூல்மேலோ மேசைமேலோ வைத்திருந்தால் இன்றே இறக்குங்கள், அதுவும் தண்ணீரை வெளியேற்றிய பிறகு. டப்பின் வாய் நீள்வட்டமாக இழுபடுகிறதா என்று டேப்பால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். என் டப் ஒன்று வாரக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்து ஒரு நாள் விளிம்போடு கிழிந்தது. அன்று முதல் விளிம்புக்குக் கீழே அகலமான நாடா ஒன்றை இறுக்கிக் கட்டிவிடுகிறேன்.

மின்கம்பியையும் பாருங்கள். பிளக்குக்குப் போகும் வழியில் கம்பி ஓரிடத்தில் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்க வேண்டும். அப்போதுதான் கம்பிவழி வழியும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும்.

ஈரக்கை:
தரையில்தான் இருக்கிறது, நல்லவேளை. அளந்தேன்: ஒரு பக்கம் 70, மறுபக்கம் 72. நாடா கட்டிவிட்டேன்.

சோதனைப் பெட்டி தெரிந்தவர் ஒருவரிடம் கிடைத்தது. அம்மோனியாவுக்கான சோதனைக் குழாய் மஞ்சளாக இருக்க வேண்டியது, பாசிப்பச்சையாக மாறிவிட்டது. அட்டையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வருகிறது. நைட்ரைட் பூஜ்யம், பி.எச். 8. பாதித் தண்ணீர் மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் மீன் அடிமட்டத்துக்கு இறங்கியது! ஆனால் தினமும் இப்படி மாற்றிக்கொண்டே இருப்பதா?

தவளைத் தாத்தா:
ஆமாம், கொஞ்ச நாள் அப்படித்தான். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை தினமும் சோதனை. கூடினால் அன்றே மாற்று. ஒன்றுமில்லாமல் தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சோதனைப் பெட்டி தந்தவரிடமே இன்னொன்றையும் கேளுங்கள்: அவர் தொட்டியில் நோய் எதுவும் இல்லையென்றால், பழகிய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டித் தரச் சொல்லுங்கள். ஈரம் காயாமல், அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டுவாருங்கள். நாள் நன்றாகக் குறையும்.

தீனியை மூன்று நாள் நிறுத்துங்கள். மனம் கேட்காது, தெரியும். தங்கமீனுக்கு வயிறு என்று தனியாக ஒன்று கிடையாது, குடலோடு சரி. போட்டதெல்லாம் சீக்கிரமே அம்மோனியாவாகத் திரும்பி வரும். ஒரு வாரப் பட்டினி அந்த அளவு மீனை ஒன்றும் செய்யாது.

ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர் என்றீர்கள். குளோரின் அதில் போய்விடும். குளோரமின் கலந்த தண்ணீர் என்றால் போகாது. அதற்குக் குளோரின் நீக்கும் மருந்துதான். எது கலக்கிறார்கள் என்று தண்ணீர் வழங்குபவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

குளத்தோரம்:
டப்பை மூடி வைத்திருக்கிறீர்களா? ஒரு வார்த்தையும் அதைப் பற்றி இல்லையே.

ஈரக்கை:
இல்லை. தங்கமீன் குதிக்குமா என்ன?

குளத்தோரம்:
அமைதியாக இருக்கும்வரை குதிக்காது. தண்ணீர் கெட்டால் குதிக்கும். என் வீட்டில் வலைக்கும் விளிம்புக்கும் நடுவே ஓர் உள்ளங்கை இடைவெளிதான் இருந்தது. காலையில் தரையில் ஈரத்தடம் மட்டும் அலமாரிக்கு அடியில் போயிற்று. அதற்குமேல் சொல்ல வேண்டாம். கொசுவலைத் துணியை விளிம்பைச் சுற்றி எலாஸ்டிக் போட்டுக் கட்டுங்கள், காற்றும் போகும்.

ஈரக்கை:
அன்றே கட்டிவிட்டேன். அரை ஸ்பாஞ்சும் கிடைத்தது. இன்று ஒன்பதாம் நாள்: அம்மோனியா 0.25க்கு இறங்கிவிட்டது. ஆனால் நைட்ரைட் 1 காட்டுகிறது. மறுபடியும் தப்பு செய்துவிட்டேனா?

தவளைத் தாத்தா:
தப்பில்லை, முதல் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டாம் கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறி, ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்யும். உப்பிலுள்ள குளோரைடு அதைச் செவுளிலேயே தடுக்கும். வேறு எதுவும் கலக்காத கல்லுப்பு, லிட்டருக்கு 1 கிராம். உங்கள் டப்புக்கு 115 கிராம். தனியாகக் கரைத்து, மூன்று தவணையாக ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியானாலும் உப்பு போகாது. ஆகவே எவ்வளவு தண்ணீரை எடுத்து மாற்றுகிறீர்களோ அதற்கு மட்டும் உப்பு. தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்த வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
கண்ணாடித் தொட்டி என்னவாயிற்று?

ஈரக்கை:
பழைய சிலிகானின்மேலேயே புதிதாக ஒரு வரி பூசலாம் என்று இருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். காய்ந்த சிலிகான்மேல் புதுச் சிலிகான் பிடிக்காது. அந்த மூலையை பிளேடால் கண்ணாடி தெரியும்வரை சுரண்டி, துடைத்துவிட்டுப் பூசுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை வகையைத் தொடாதீர்கள். ஒரு வாரம் காயட்டும். வாடை அறவே போக வேண்டும். பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து இரண்டு நாள் பாருங்கள்.

ஈரக்கை:
இருபத்தாறாம் நாள். ஐந்து நாளாக அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20. காகிதமும் காய்ந்தே இருக்கிறது. மீன் என் காலடிச் சத்தம் கேட்டதும் வலைக்கு அடியில் வந்து வட்டமடிக்கிறது. மேலிருந்து பார்க்க இவ்வளவு அழகாக இருக்கும் என்று இதுவரை தெரியாது. முதுகு முழுக்கத் தங்கத் தகடு.

தவளைத் தாத்தா:
சீனாவில் முதலில் வளர்த்தவர்கள் குளத்திலும் மண்தொட்டியிலும் வைத்து மேலிருந்துதான் பார்த்தார்கள். பக்கவாட்டில் பார்ப்பது கண்ணாடி வந்தபிறகு வந்த பழக்கம்.

ஈரக்கை:
நாளை மாற்றப்போகிறேன். டப்புத் தண்ணீரையும் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டுமா ஐயா?

தவளைத் தாத்தா:
தண்ணீரில் அந்தக் கூட்டம் அவ்வளவாக இருக்காது, பாதி போதும். புது இடத்தில் மீன் திடுக்கிடாமல் இருக்க மட்டும். இரண்டு ஸ்பாஞ்சையும் ஈரத்தோடு எடுத்து நேராகத் தொட்டியில் போடுங்கள். குழாய்ப் பக்கம் போகாதீர்கள்.

ஈரக்கை:
குழாயடிக் கதவையே பூட்டிவிட்டேன்.