கூஜா தூக்கி: அது என்ன கூஜா?

கேள்வி:
எங்கள் ஆபீஸில் மேனேஜர் போகிற இடமெல்லாம் ஒருவர் பின்னாலேயே போவார். அவருக்கு எல்லாரும் வைத்திருக்கிற பெயர் 'கூஜா தூக்கி'. நானும் சொல்லிச் சிரிக்கிறேன், ஆனால் கூஜாவை நான் பார்த்ததே இல்லை. திட்டுவதற்கு அதை ஏன் பிடித்தார்கள்?

மறுமொழி 1:
கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது, அதனால் சொல்கிறேன். கூஜா என்பது குடிதண்ணீர் கொண்டுபோகிற பாத்திரம். பித்தளையில் வரும், வசதியானவர்கள் வீட்டில் வெள்ளியிலும் இருக்கும். பருத்த வயிறு, குறுகிய கழுத்து, திருகு மூடி, மேலே தூக்கிப் போக வளைந்த கைப்பிடி. பித்தளை என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் களிம்பேறிவிடும். பெயர் நம்முடையது அல்ல. பாரசீகத்தில் 'கூஸா', உருது வழியாக வந்தது.

ரயில் பயணத்துக்குப் பெரிய மனிதர்கள் கூஜாவோடுதான் கிளம்புவார்கள். பெட்டியைத் தூக்க போர்ட்டர் உண்டு, கூலி வாங்கினால் அவர் கணக்கு முடிந்தது. கூஜா அப்படியா? ஐயா தாகம் என்று திரும்புவதற்குள் நீட்ட வேண்டும். எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கவேண்டிய வேலை. வசவு அங்கேதான் பிறந்திருக்கும் என்பது என் கட்சி. வித்வானின் கூஜாவை சீடப்பிள்ளை தூக்கியதை இதில் சேர்க்காதீர்கள், அது குருகுலத்துப் பணிவிடை.

கேட்டவர்:
அப்போ ஜால்ராவும் இதுவும் ஒன்றுதானே?

மறுமொழி 1:
இல்லை. பஜனையில் பாடுகிறவர் எந்தப் பாட்டை எடுத்தாலும் ஜால்ரா அதற்குத் தாளம் தட்டும். அதாவது ஐயா சொன்னதற்கெல்லாம் 'ஆமாம்' போடுகிற வாய் வேலை. கூஜா உடம்பு வேலை. வாயே திறக்காத கூஜா தூக்கிகளும் உண்டு! 'அடிவருடி' வேறு ரகம். காலை வருடுகிறவன் என்று நேராகவே அர்த்தம். மேடையிலும் துண்டுப்பிரசுரத்திலும்தான் அதிகம் புழங்கும், டீக்கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுமொழி 2:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் 'பந்தம் பிடிக்கிறது' எண்டு சொல்லுவம். பந்தம் எண்டால் தீப்பந்தம்; பெரியவருக்கு முன்னால வெளிச்சம் பிடிச்சுக்கொண்டு போறவர். சிங்களத்திலயும் இதே கதைதான், 'பந்தம்காரயா' எண்டுவினம். உங்கட ஆள் பின்னால போறார், எங்கட ஆள் முன்னால போறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்டவர்:
அருமை. ஆனால் எங்கள் ஆள் தூக்குவது மேனேஜரின் லேப்டாப் பையை மட்டும்தான்.

மறுமொழி 1:
அப்படியானால் வெறும் எடுபிடி. தண்ணீர் பாட்டிலும் கைக்கு வந்ததும் சொல்லுங்கள், பதவி உயர்வு கொடுத்துவிடலாம்.