பையில் நட்ட தக்காளி ஈரமண்ணிலேயே வாடுகிறது, அப்பா கவ்வாத்து வெட்டச் சொல்கிறார்

டிக்கோயா மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது தேயிலைத் தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடு) கடைசிக் காம்பிரா (அறை). பின்பக்கம் இரண்டு பாய் விரிக்கிற அளவு இடம் இருக்கிறது. அதில் எட்டு அரிசிப் பையும் மூன்று பெயின்ட் வாளியும் வைத்துத் தக்காளி நட்டிருக்கிறேன். விதையை யோகட் கப்பில் போட்டு நானே எடுத்த கன்றுகள். ஏப்ரல் கடைசியில் பைக்கு மாற்றும்போது ஒரு சாண் உயரம். மே மாதம் முழுக்க அவ்வளவு அழகாக வந்தது, காலையில் எழுந்தால் முதலில் அங்கேதான் போவேன்.

இப்போது ஜூன் நடுப்பகுதி, மழை பிடித்துவிட்டது. ஐந்து செடிகளில் அடி இலை மஞ்சளாகி, நுனி தொங்குகிறது. யூட்டியூப்பில் ஒருவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னார், அப்படியே ஊற்றினேன். வாடினதைப் பார்த்து இன்னும் ஒரு கோப்பை கூட ஊற்றினேன். நேற்று விரலை விட்டுப் பார்த்தால் மண் களியாக ஒட்டுகிறது, அழுகின வாடை அடிக்கிறது.

இன்னொன்று. அப்பா முப்பத்தொரு வருடம் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். "செடி இளைத்தால் முழங்கால் மட்டத்தில் வெட்டிவிடு, புதிதாகத் துளிர்க்கும்" என்கிறார். கத்தியையும் தீட்டி வைத்துவிட்டார். அவர் கையில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் தக்காளிக்கு அது சரியா? ஞாயிற்றுக்கிழமை வெட்டலாம் என்கிறார். அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாக் காற்று:

தங்கச்சி, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். ஈரமண்ணில் செடி வாடினால் அது தாகம் இல்லை. மண்ணுக்குள் காற்று போகாமல் வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. அழுகின வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால்தான் இலை தொங்குகிறது. நீங்கள் இன்னும் ஊற்றுகிறீர்கள், அது இன்னும் அழுகுகிறது.

நான் பண்டாரவளை. தென்மேற்குப் பருவமழையில் உங்கள் பக்கம் நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே வறண்ட காற்று அடிக்கும். ஜூலையில் சில நாள் நான் இரண்டு வேளை ஊற்றுகிறேன். அதே நாளில் டிக்கோயாவில் ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படாது. மணி பார்த்து ஊற்றுகிற கணக்கு மலையில் சரிவராது.

நான் பையைத் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றுவேன். நன்றாக ஊற்றி, வடிந்து முடிந்த பிறகு ஒரு தடவை தூக்குங்கள், அந்தப் பாரத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு தினமும் காலையில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பாதிப் பாரம் குறைந்து, விரலை இரண்டாவது கணு வரை விட்டாலும் மண் ஒட்டவில்லை என்றால் மட்டும் ஊற்றுங்கள். அதுவும் காலையில், இலையில் படாமல், அடியில் வடியும் வரை.

பெயின்ட் வாளியின் அடியில் துளை போட்டீர்களா? சுண்டுவிரல் பருமனில் ஐந்தாறு வேண்டும். வாளியைத் தரையில் வைக்காமல் மூன்று கல்லில் ஏற்றுங்கள். தகரக் கூரையின் தாழ்வாரத் தண்ணீர் பைக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள். மழை நாளில் அந்த ஒரு ஒழுக்கு போதும் செடியைக் கொல்ல.

அப்புறம், பாக்டீரியா வாடலா என்று பார்த்துவிடுங்கள். அதிகம் வாடின செடியில் அடித்தண்டைச் சாய்வாக வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் அசைக்காமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி கீழே இறங்கினால் அதுதான். அந்தச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டும், அந்த மண்ணில் மறுபடி தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்கக்கூடாது. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் வேர் அழுகல்தான்.

பழைய கணக்கப்பிள்ளை:

மகள், அப்பா சொல்வது தேயிலைக்கு முழுக்கச் சரி. உயரத்துக்கு ஏற்ற மாதிரி மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அப்படி வெட்டித்தான் தேயிலை நிற்கிறது. அது ஏன் சாகவில்லை? வேரில் மாப்பொருள் சேர்த்து வைத்திருக்கிறது. வெட்டுவதற்கு முன் வேர்த்துண்டை எடுத்து அயடின் விட்டுப் பார்ப்போம். கருநீலமானால் வெட்டலாம், நிறம் வராவிட்டால் செடியை ஆறவிட வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்கு உடனே விளங்கும். தக்காளிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. இருக்கிற இலைதான் அதற்குச் சோறு. வேர் நோயாக இருக்கும்போது இலையையும் வெட்டினால் எழும்பாது.

தக்காளிக்கு வேண்டியது கவ்வாத்துக் கையல்ல, கொழுந்தெடுக்கிற கை. தண்டுக்கும் இலைக்காம்புக்கும் நடுவே ஒரு துளிர் கிளம்பும். விரல் நீளம் வருவதற்குள் அதைப் பக்கவாட்டில் மடக்கினால் டக்கென்று ஒடியும். கம்பில் கட்டி உயரமாக வளர்கிற இனத்துக்கு இரண்டு தண்டு விட்டு மற்றதை ஒடியுங்கள். புதர் மாதிரிக் குட்டையாக நிற்கிற இனத்தில் ஒடிக்காதீர்கள், காய் குறையும். மண்ணைத் தொடுகிற அடி இலைகளை மட்டும் எடுக்கலாம். ஈரத்தில் கை வைக்கவே வேண்டாம், பனி காய்ந்த பிறகு செய்யுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இலையில் வெந்நீர் பட்ட மாதிரிக் கரும்பச்சைத் திட்டு வந்து, அடியில் வெள்ளையாகப் பூத்தால் அது பின்வெளிறல். நுவரெலியா, வெலிமடையில் உருளைக்கிழங்கை அழிக்கிற அதே நோய். பார்த்த அன்றே அந்தச் செடியைப் பிடுங்கிப் பொலித்தீனில் கட்டிவிடுங்கள். வராமல் தடுக்க மேலே ஒரு தெளிந்த பொலித்தீன் பந்தல் போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும்.

மண் எங்கே அள்ளினீர்கள்? தேயிலை மலை மண் என்றால் புளிப்பு அதிகம், தக்காளிக்கு ஆகாது. அடுத்த முறை நடுவதற்கு ஒரு மாதம் முன்பே டொலமைட் (சுண்ணாம்புத் தூள்) கலந்து வையுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும், காயின் அடி கறுத்துக் குழியும்.

கொட்டகலை அக்கா:

சந்தேகம் என்றால் இலங்கை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

டிக்கோயா மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் செடியின் வேரைக் கழுவினால் கபில நிறம், இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. பெயின்ட் வாளி ஒன்றில்கூட நான் துளை போட்டிருக்கவில்லை. வாளி மூன்றும் போய்விட்டன, பையில் ஒன்றும் போனது. தாழ்வாரத்தடியில் இருந்த பைகளை இரண்டு அடி தள்ளி வைத்தோம். ஏழு செடி எழும்பிவிட்டது, நான்கில் பூ இருக்கிறது. மண் கான் (வடிகால்) ஓரத்துத் தேயிலை மண்தான், ஐயா சரியாகச் சொன்னீர்கள்.

அயடின் கதையைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்போ இது அம்மா வேலை" என்றார். அம்மா இருபத்தாறு வருடம் கொழுந்தெடுத்தவர். துளிர்களை அவர் ஒடிக்கிற வேகத்துக்கு என்னால் பார்க்கக்கூட முடியவில்லை, தண்டில் ஒரு கீறல் இல்லை. அப்பா தீட்டின கத்தியால் மூங்கில் வெட்டிப் பந்தலுக்குக் கால் நட்டார்.

அண்ணா, பந்தல் போட்ட பிறகு பை வேகமாகக் காய்கிறது. நேற்றுத் தூக்கிப் பார்த்து, இந்த மாதத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் ஊற்றினேன்.